4.77 மெகாஹெர்ட்ஸ் மிஷினுக்குள்ள 386 நுழைஞ்ச கதை

பழைய கம்ப்யூட்டர்ல எனக்கு ரொம்ப புடிச்ச பார்ட் எதுன்னு கேட்டா கேஸும் இல்ல கீபோர்டும் இல்ல, ப்ராசஸர் அப்கிரேடு போர்டுதான். அதாவது ஒரு மிஷின் வாங்கி நாலஞ்சு வருஷம் ஆச்சு, மெதுவா ஓடுது, புதுசு வாங்க காசில்ல, அப்ப பழைய ப்ராசஸரை சாக்கெட்லருந்து எடுத்துட்டு அந்த எடத்துல ஒரு சின்ன போர்டை உக்கார வெப்பாங்க, இல்லன்னா ஸ்லாட்ல ஒரு கார்டை சொருகி அதுலருந்து ஒரு பட்டை கேபிளை இழுத்து அந்த காலி சாக்கெட்ல மாட்டுவாங்க, கார்டுல இருக்கறது அடுத்த தலைமுறை சிப்பு, ஆனா அது மதர்போர்டுக்கு தெரியக்கூடாது, பழைய ஆள்தான் இன்னும் இருக்கான்னு நம்பிக்கிட்டே அது வேலை செய்யணும். இப்படி நம்ப வைக்கறது எவ்ளோ கஷ்டமான வேலை, 80கள்லயும் 90கள்லயும் அதை எவ்ளோ அழகா பண்ணியிருக்காங்கன்னு எழுதணும்னு ரொம்ப நாளா ஆசை.

எதுக்கு இதெல்லாம் தேவைப்பட்டுச்சுன்னு புரியணும்னா சென்னை பாரிஸ் கார்னர் பக்கம் வரணும். தம்பு செட்டி தெரு, லிங்கி செட்டி தெரு, அங்கப்ப நாயக்கன் தெரு, இங்கல்லாம் மாடிக்கு மாடி கிளியரிங் ஏஜென்ட் ஆபீஸுங்க, ஹார்பரும் கஸ்டம்ஸ் ஹவுஸும் நடந்து போற தூரம். 90கள் ஆரம்பத்துல அந்த ஆபீஸுங்கள்ல ஏசி ரூம்னு ஒண்ணு இருந்துச்சுன்னா அது கம்ப்யூட்டருக்காக போட்டதுதான், செருப்பை வெளிய கழட்டிட்டுதான் உள்ள போகணும். உள்ள ஒரு எக்ஸ்டி (ஐபிஎம் பிசி வகை மிஷின்), பக்கத்துல டாட் மேட்ரிக்ஸ் பிரின்டர், டிபேஸ்ங்கற டேட்டாபேஸ் சாஃப்ட்வேர்ல யாரோ எழுதிக் குடுத்த பில்லிங் ப்ரோக்ராம். பார்ட்டி லிஸ்ட் வளர வளர இண்டெக்ஸ் போடற நேரமும் வளரும், மாசக் கடைசியில அதை ஓட விட்டுட்டு கீழ எறங்கி டீ குடிச்சுட்டு வந்தாலும் ஓடிட்டே இருக்கும். முதலாளி கேக்கறது ஒண்ணே ஒண்ணுதான், "ஏம்பா, மிஷினை மாத்தாம இத ஸ்பீடாக்க முடியாதா?" உலகம் பூரா ஆபீஸுங்கள்ல அப்ப இதே கேள்விதான், அதுக்கு பதிலா வந்ததுதான் இந்த போர்டுங்க.

ஆனா நம்மூருக்கு இந்த கார்டுங்க ரொம்ப வரல, அதுக்கு காரணமும் இருக்கு. அமெரிக்காவுல கம்பெனிங்க ஐபிஎம், காம்பாக்னு பிராண்டு மிஷினா நூத்துக்கணக்குல வாங்கி வெச்சிருந்தாங்க, அந்த கேஸுக்குள்ள வேற மதர்போர்டு உக்காராது, சில மாடல்ல பவர் சப்ளை கனெக்டர் கூட வேற, அதுனால ப்ராசஸரை மட்டும் மாத்தற கார்டுக்கு அங்க பெரிய மார்க்கெட். இங்க பாதிக்கு மேல அசெம்பிள்டு செட்டு, கேபினெட் ஒரே அளவு, தைவான் போர்டு ஒண்ண வாங்கி நாலு ஸ்க்ரூ போட்டா வேலை முடிஞ்சுது. மதர்போர்டையே மாத்திடறது இங்க சீப், அதுதான் சரியான முடிவும் கூட, அதுல தப்பே சொல்ல முடியாது. அதுனாலதான் நம்ம பக்கம் அப்கிரேடு போர்டு கெடச்சா அது பெரும்பாலும் பழைய பிராண்டு மிஷின்லருந்து, கண்டெய்னர்ல ஸ்க்ராப்பா வந்து எறங்கினதா இருக்கும்.

சரி விஷயத்துக்கு வரேன். காசிமேட்டுல லாஞ்சுக்கு இன்ஜின் மாத்தறத பாத்தவங்களுக்கு இது ஈசியா புரியும், இன்ஜினை மட்டும் பெருசாக்கிட்டு ஷாஃப்ட்டையும் ப்ரொப்பெல்லரையும் பழசாவே விட்டா டீசல்தான் கூட செலவாகும், வேகம் நெனச்ச அளவு ஏறாது. ப்ராசஸர் அப்கிரேடும் அதேதான். சிப்பு எவ்ளோ வேகமா கணக்கு போட்டாலும் அதுக்கு வேண்டிய இன்ஸ்ட்ரக்‌ஷனும் டேட்டாவும் மெமரிலருந்து வரணும், அந்த மெமரி மதர்போர்டுல இருக்கு, நடுவுல இருக்கற பஸ்ஸு, அதாவது டேட்டா போற வர்ற பாதை, பழைய வேகத்துலதான் ஓடும். எந்த போர்டு தன் மெமரியை, இல்ல கொஞ்சம் கேஷையாவது (சிப்புக்கு பக்கத்துலயே இருக்கற வேகமான குட்டி மெமரி) கூடவே எடுத்துட்டு வந்துச்சோ அது ஜெயிச்சுது, வெறும் சிப்ப மட்டும் எடுத்துட்டு வந்தது திணறிச்சு. நான் கையில எடுத்துப் பாத்த ஒவ்வொரு கார்டும் எனக்கு இதைத்தான் காட்டுது.

கணக்கா பாத்துடலாம். 1981ல வந்த ஐபிஎம் பிசில இன்டெல்லோட 8088 சிப்பு, 4.77 மெகாஹெர்ட்ஸ். ஏன் அப்படி ஒரு விநோத நம்பர்னா, அமெரிக்க கலர் டிவிக்கு வேண்டிய கணக்குல 14.318 மெகாஹெர்ட்ஸ் கிறிஸ்டல் ஒண்ண போர்டுல போட்டாங்க, அதையே மூணா வகுத்து ப்ராசஸருக்கு குடுத்துட்டாங்க, தனி கிறிஸ்டல் செலவு மிச்சம். 8088 உள்ளுக்குள்ள 16 பிட்டு, வெளிய பேசறது 8 பிட்டு, ஒரு பைட்டு எடுக்க நாலு கிளாக்கு, அப்ப ஒரு செகண்டுக்கு அதிகபட்சம் கிட்டத்தட்ட 12 லட்சம் பைட்டுதான் அந்த கதவு வழியா வர முடியும். இதுலயே இன்ஸ்ட்ரக்‌ஷனும் வரணும் டேட்டாவும் வரணும், நடுவுல மெமரி ரிஃப்ரெஷுக்கும், அதாவது மெமரி மறந்துடாம இருக்க அடிக்கடி பண்ற வேலைக்கும், கொஞ்சம் போயிடும். பல நேரம் சிப்பு கணக்கு போட ரெடியா இருக்கும், சாப்பாடு வரலன்னு சும்மா காத்துக்கிட்டு இருக்கும்.

இந்த எடத்துல வர்ற முதல் அப்கிரேடு போர்டு கூட இல்ல, ஒரே ஒரு ஐசிதான், என்இசி கம்பெனியோட வி20. 8088 எடுத்துட்டு அதே 40 கால் சாக்கெட்ல இதை குத்தினா போதும். கிளாக்கு அதேதான், பஸ்ஸு அதேதான், ஆனா உள்ள அட்ரஸ் கணக்கு போடறதுக்குன்னே தனி ஹார்டுவேர், பெருக்கல் வகுத்தல்லாம் நல்ல வேகம். எல்லாம் சேத்து பாத்தா கெடைக்கற லாபம் கொஞ்சம்தான், பஸ்ஸு மாறலையே, எப்படி அதிகமாகும்? இருந்தாலும் அந்த விலைக்கு அது ரொம்ப நியாயமான சரக்கு, நம்மூர் டர்போ எக்ஸ்டி நிறையத்துல முதல்லருந்தே வி20தான் இருந்துச்சு. இதுக்காக இன்டெல்லுக்கும் என்இசிக்கும் கோர்ட்டுல வழக்கு நடந்துச்சு, மைக்ரோகோடுக்கு (சிப்புக்குள்ளயே எழுதி வெச்ச ப்ரோக்ராம்) காப்பிரைட் உண்டுன்னு 1989ல தீர்ப்பு வந்துச்சு, ஆனா என்இசி காப்பியடிக்கலன்னும் அதே தீர்ப்பு சொல்லிடுச்சு. சிப்பு டிசைன் பண்றவங்களுக்கு அது ரொம்ப முக்கியமான தீர்ப்பு.

அடுத்தது ஸ்லாட்டு கார்டு. 8088க்கு அடுத்த தலைமுறையான 286 வந்தப்புறம் அதை ஒரு கார்டுல போட்டு, கேபிள் வழியா 8088 சாக்கெட்டுக்கு கொண்டு போறது. மைக்ரோசாஃப்டே இந்த மாதிரி கார்டு வித்திருக்கு, மாக் 20னு பேரு, 8 மெகாஹெர்ட்ஸ் 286, அதுக்குன்னே தனியா ஒரு ஓஎஸ்/2 ஆபரேட்டிங் சிஸ்டம் கூட விட்டாங்க. சாஃப்ட்வேர் கம்பெனின்னு நாம நெனைக்கறவங்க இப்படி ஒரு கார்டு பண்ணியிருக்காங்கன்னு நம்ப பாதி பேருக்கு கஷ்டமா இருக்கும். இந்த வகை கார்டுல கொஞ்சம் வேகமான கேஷ் மெமரி இருக்கும், அடிக்கடி தேவைப்படற பைட்டுங்க அதுல தங்கிடும், மதர்போர்டுக்கு போற டிரிப்பு குறையும். சில கார்டுல கழட்டின 8088யும் அதே கார்டுல ஒரு சாக்கெட்ல குத்திக்கலாம், ஒரு சுவிட்ச தட்டினா பழைய வேகம். எதுக்கு பழைய வேகம் வேணும்னு கேக்கலாம். அந்த காலத்து கேம்ஸ் நிறைய ப்ராசஸர் வேகத்தை வெச்சுதான் நேரம் கணக்கு பண்ணும், 286ல ஓட விட்டா கண்ணு மூடி தொறக்கறதுக்குள்ள ஆட்டம் முடிஞ்சிடும், காப்பி ப்ரொடெக்‌ஷன் ஃபிளாப்பி சிலதும் டைமிங் மாறினா அடம் புடிக்கும். அந்த சுவிட்ச யோசிச்சு வெச்ச ஆளு எவனோ, அவன் நிஜமா அந்த மிஷின்ல வேலை செஞ்சவன்.

ஸ்லாட்டு கார்டுலயே உச்சம்னு நான் நெனைக்கறது இன்டெல்லோட இன்போர்டு 386/பிசி. 4.77 மெகாஹெர்ட்ஸ் மிஷினுக்குள்ள 286க்கும் அடுத்த தலைமுறையான 16 மெகாஹெர்ட்ஸ் 386, அதுவும் 32 பிட்டு. அவங்க என்ன பண்ணாங்கன்னா கார்டு மேலயே 1 எம்பி 32 பிட்டு மெமரியை வெச்சுட்டாங்க, ப்ரோக்ராம் ஓடறதே அந்த மெமரிலதான். பழைய 8 பிட்டு கதவு பக்கம் ப்ராசஸர் போறது ஸ்க்ரீன்ல எழுதவும் டிஸ்க் கன்ட்ரோலர்கிட்ட பேசவும் மட்டும்தான். ஸ்ப்ரெட்ஷீட் கணக்கு போட்டா பறக்கும், டைரக்டரி ஸ்க்ரோல் பண்ணா, பெரிய ஃபைலை ஓப்பன் பண்ணா பழைய எக்ஸ்டி நடைதான், ஏன்னா டிஸ்கும் டிஸ்ப்ளே கார்டும் மாறல. ஜீன் ஆம்டால்னு ஒருத்தர் 1967லயே இதை சொல்லிட்டாரு, மொத்த வேலையில எந்த பகுதியை வேகமாக்கறயோ அந்த பகுதியோட பங்கு எவ்ளோவோ அந்த அளவுக்குத்தான் மொத்த லாபம்னு. இன்போர்டு போட்ட ஒரு எக்ஸ்டி முன்னாடி உக்காந்தா அந்த விதி கண்ணுக்கு முன்னாடி நடக்கறத பாக்கலாம், காலேஜ்ல இதை சொல்லிக் குடுக்கணும்னா போர்டுல ஃபார்முலா எழுதறதுக்கு பதிலா இந்த மிஷினைத்தான் நான் காட்டுவேன்.

எக்ஸ்டிக்கு அடுத்து ஐபிஎம் விட்ட ஏடி மிஷின் பத்தி ஒரு சின்ன விஷயம், வேகமா சொல்லிட்டு போயிடறேன். 1984ல வந்த ஏடில 286, 6 மெகாஹெர்ட்ஸ். 12 மெகாஹெர்ட்ஸ் கிறிஸ்டலை ரெண்டா வகுத்து ஓட்டினாங்க, அந்த கிறிஸ்டல் சாக்கெட்ல இருந்துச்சு. ஜனங்க அதை புடுங்கிட்டு 16 போட்டு 8 மெகாஹெர்ட்ஸ்ல ஓட்டினாங்க, சில ரூபாய் செலவுல மூணுல ஒரு பங்கு கூடுதல் வேகம். அப்புறம் வந்த பயோஸ்ல (மிஷின் ஆன் ஆனதும் முதல்ல ஓடற ப்ரோக்ராம்) ஐபிஎம் ஒரு செக்கிங் வெச்சுது, வேகம் ஜாஸ்தியா இருந்தா பூட்டே ஆகாது. தான் காசு குடுத்து வாங்கின மிஷின்ல ஒரு கிறிஸ்டலை மாத்தறதுக்கு கூட தடை போட்டது நியாயமில்லன்னுதான் இன்னைக்கும் எனக்கு தோணுது.

286லருந்து 386ஓட விலை கம்மியான வகையான 386 எஸ்எக்ஸுக்கு போறது ஓரளவு சுலபம், ஏன்னா எஸ்எக்ஸும் வெளிய 16 பிட்டுதான், 24 அட்ரஸ் லைன்தான், ஒரு சின்ன அடாப்டர் போர்டுல சிக்னலை மாத்திக் குடுத்தா 286 சாக்கெட்லயே உக்காந்துக்கும், கிங்ஸ்டன் இப்படி ஒண்ணு வித்தாங்க, எஸ்எக்ஸ் நவ்னு பேரு. கஷ்டமான ஆளு அந்த 386 எஸ்எக்ஸ் மிஷினே, ஏன்னா அதுல சிப்பு சாக்கெட்ல இருக்காது, 100 காலையும் போர்டோட சோல்டர் பண்ணியிருப்பாங்க. அப்ப எப்படி மாத்தறது? மாத்தவே இல்ல, மேல கவ்வ விட்டாங்க. சைரிக்ஸ் கம்பெனி ஒரு கிளிப் பண்ணுச்சு, அதை பழைய சிப்பு தலை மேல வெச்சு அழுத்தினா நாலு பக்கமும் இருக்கற காலுங்களை கவ்விக்கும், கிளிப்புக்குள்ள புது சிப்பு. ஒரே கம்பில ரெண்டு ப்ராசஸர் பேசினா குழப்பம்தானே, அதுக்கு 386 எஸ்எக்ஸ்லயே ஃப்ளோட்னு ஒரு பின் இருக்கு, அதை லோ பண்ணா பழைய சிப்பு தன் அவுட்புட் எல்லாத்தையும் விட்டுட்டு அமைதியாயிடும், போர்டுல உக்காந்திருக்கும் ஆனா ஒண்ணும் பேசாது. டெஸ்டிங் பண்றவங்களுக்காக வெச்ச பின் அது. முதல்ல வந்த எஸ்எக்ஸ் சிப்புங்கள்ல அந்த பின் கெடையாது, அதுல இந்த கிளிப் வேலைக்கு ஆகாது, அதுனால இப்பவும் கெடச்சா முதல்ல கீழ இருக்கற சிப்போட மார்க்கிங்கை பாக்கணும்.

இப்ப நான் ரொம்ப நேரம் பேசக்கூடிய எடம் வந்துடுச்சு, சைரிக்ஸ் 486 டிஎல்சி. பேருதான் 486, காலு 132, அதாவது முழு 32 பிட்டு 386ஆன 386 டிஎக்ஸ் சாக்கெட்லயே உக்காரும், 486க்கு உண்டான இன்ஸ்ட்ரக்‌ஷனெல்லாம் தெரியும், உள்ள 1 கேபி கேஷ். நிஜ 486ல 8 கேபி, இதுல 1 கேபிதானான்னு அப்ப நிறைய பேரு மட்டமா பேசினாங்க. 1 கேபியே நல்ல லாபம்தான், ஏன்னா சின்ன லூப்பு ஒண்ணு முழுசா அதுல தங்கிடும். பிரச்சனை அளவுல இல்ல, வேற எடத்துல. 386 போர்டை டிசைன் பண்ணவனுக்கு ப்ராசஸருக்குள்ள கேஷ் இருக்கும்னு தெரியாது. ஃபிளாப்பிலருந்து டேட்டா படிக்கும்போது அது ப்ராசஸர் வழியா வராது, டிஎம்ஏ கன்ட்ரோலர்ங்கற தனி சிப்பு நேரா மெமரில கொண்டு போய் எழுதிடும். மெமரில புது டேட்டா இருக்கும், கேஷ்ல அதே அட்ரஸோட பழைய டேட்டா இருக்கும், ப்ராசஸர் கேஷ்ல இருக்கறத எடுத்துட்டு இதுதான் சரின்னு நெனச்சு வேலை செய்யும். மிஷின் ஹேங் ஆனா கூட பரவால்ல, ஹேங் ஆகாம தப்பான டேட்டாவ சேவ் பண்ணிடும், அதுதான் பயம்.

இதுக்கு சைரிக்ஸ்காரங்க ஒண்ணுக்கு மூணு வழி வெச்சாங்க. கேஷை காலி பண்ணுன்னு சொல்ல சிப்புல ஒரு பின் இருக்கு, புது போர்டா இருந்தா அதுக்கு வயரிங் இருக்கும், பழைய போர்டுல இருக்காது. ரெண்டாவது, யாராவது பஸ்ஸை கேட்டு ப்ராசஸர் ஒதுங்கி நிக்கற ஒவ்வொரு தடவையும் கேஷை தானா காலி பண்ணிடுன்னு ஒரு செட்டிங். கேக்க பாதுகாப்பா இருக்கு, ஆனா பழைய போர்டு பலதுல மெமரி ரிஃப்ரெஷுக்கே ப்ராசஸரை ஒதுங்கச் சொல்வாங்க, அது சுமார் 15 மைக்ரோசெகண்டுக்கு ஒரு தடவை நடக்கும், கேஷ் நெறையறதுக்குள்ள காலியாயிடும், அப்புறம் அது இருந்தும் இல்லாத மாதிரிதான். ப்ராசஸரை ஒதுங்கச் சொல்லாமலே ரிஃப்ரெஷ் பண்ற, ஹிட்டன் ரிஃப்ரெஷ் இருக்கற போர்டுல இந்த தொல்லை இல்ல. மூணாவது, மெமரில இந்தந்த ஏரியாவ கேஷ் பண்ணாதன்னு சாஃப்ட்வேர்லயே சொல்லிடறது. இது எல்லாத்தையும் செட் பண்ண ஒரு சின்ன ப்ரோக்ராம் ஃபிளாப்பில குடுப்பாங்க, அது பூட் ஆகும்போது ஓடணும், அதுவரைக்கும் கேஷ் ஆஃப்லதான் இருக்கும், அதாவது சிப்பு வெறும் 386ஆத்தான் நடந்துக்கும். அதுனாலதான் ஒரே டிஎல்சி சிப்பு ஒரு போர்டுல சூப்பரா இருக்கும், பக்கத்து போர்டுல ஒண்ணுமே தெரியாது, அப்ப பத்திரிகைல வந்த டெஸ்ட் ரிசல்ட்டெல்லாம் ஒண்ணுக்கொண்ணு ஒத்து வராம இருந்ததுக்கு இது ஒரு முக்கிய காரணம்னு நெனைக்கறேன். ஏடி மிஷின்ல ஹார்ட் டிஸ்கை ப்ராசஸரே படிக்கறதால அங்க இந்த ஆபத்து இல்ல, ஃபிளாப்பி, சவுண்ட் கார்டு, தானே பஸ்ஸை புடிக்கற ஸ்கஸி டிஸ்க் கார்டு, இதுங்க கூடத்தான் கவனமா இருக்கணும்.

486 போர்டுங்களுக்கு வந்தது ரெண்டு வகை. ஏஎம்டி 5x86ன்னு 1995ல ஒரு சிப்பு வந்துச்சு, 33 மெகாஹெர்ட்ஸ் போர்டுல உள்ளுக்குள்ள நாலு மடங்கா பெருக்கி 133ல ஓடும், 16 கேபி கேஷ். பழைய 486 சாக்கெட்ல 5 வோல்ட்டு, இந்த சிப்புக்கு 3.45 வோல்ட்டுதான் வேணும், அதுனால நடுவுல ஒரு சின்ன போர்டு, அதுல ஒரு ரெகுலேட்டர். எவர்கிரீன், கிங்ஸ்டன் ரெண்டு பேரும் இதை வெச்சு கிட்டு வித்தாங்க. இன்டெல் பக்கம் பென்டியம் ஓவர்டிரைவ், 83 மெகாஹெர்ட்ஸ், 32 கேபி கேஷ், மேலயே ஒட்டின ஃபேன். ஃபேன் நின்னு போனா சிப்பு அதை கண்டுபுடிச்சு வேகத்தை தானா குறைச்சுக்கும், எரிஞ்சு போகாது, இது எவ்ளோ அக்கறையான டிசைன் பாருங்க. நெம்பர்ல 133 பெருசு, ஆனா டெசிமல் கணக்குல பென்டியம் ஓவர்டிரைவ் முந்திடும், சாதாரண ஆபீஸ் வேலைக்கு 5x86 போதும், விலையும் கம்மி. என் மேஜை மேல ரெண்டுல ஒண்ணுதான் இருக்கணும்னா 5x86தான். பென்டியம் 64 பிட்டு பஸ்ஸுக்குன்னு பொறந்த சிப்பு, அதை 486 சாக்கெட்டோட 32 பிட்டு பஸ்ஸுல உக்கார வெச்சா பாவம், பாதி கதவு வழியாத்தான் மூச்சு விடணும்.

இது எல்லாமே மதர்போர்டை ஏமாத்தற வகை. ஏமாத்தாம நேர் வழியில செஞ்ச ஒரு மிஷின் இருக்கு, அதை விட்டுட்டா இந்த போஸ்ட் முழுசாகாது. பிரிட்டன்ல ஏகார்ன் கம்பெனி பண்ண பிபிசி மைக்ரோ, 2 மெகாஹெர்ட்ஸ் 6502 ப்ராசஸர். 1984ல நம்ம அரசாங்கம் க்ளாஸ்னு ஒரு திட்டம் ஆரம்பிச்சு ஸ்கூலுங்களுக்கு கம்ப்யூட்டர் குடுத்தப்ப குடுத்தது இந்த பிபிசி மைக்ரோதான், அதுனால நம்மூர்ல என் வயசுக்காரங்க சில பேரு வாழ்க்கையில முதல்ல தொட்ட கம்ப்யூட்டரே அதுவா இருக்கலாம். அந்த மிஷினுக்கு அடியில ட்யூப்னு ஒரு கனெக்டர். அதுல இன்னொரு ப்ராசஸரை தன் மெமரியோட மாட்டலாம், ப்ரோக்ராம் அங்க ஓடும், பழைய 6502 கீபோர்டு, ஸ்க்ரீன், டிஸ்க் வேலையை மட்டும் பாத்துக்கும், ரெண்டுக்கும் நடுவுல மெசேஜ்தான் போகும் வரும். பஸ்ஸு சண்டை இல்ல, கேஷ் குழப்பம் இல்ல, ஆரம்பத்துலயே இப்படி ஒண்ணு வரும்னு யோசிச்சு எடம் விட்டு வெச்சிருக்காங்க.

அந்த ட்யூப்ல மாட்டின போர்டு ஒண்ணுதான் இன்னைக்கு நம்ம பாக்கெட்ல இருக்கற போன் சிப்புக்கெல்லாம் மூலம். சோஃபி வில்சனும் ஸ்டீவ் ஃபர்பரும் டிசைன் பண்ண முதல் ஏஆர்எம் சிப்பு 1985 ஏப்ரல் 26ஆம் தேதி ஏகார்ன் ஆபீஸுக்கு வந்து சேந்துச்சு, அதை ஓட்டிப் பாத்தது பிபிசி மைக்ரோவுக்கு ரெண்டாவது ப்ராசஸரா மாட்டித்தான். ஒரு அப்கிரேடு போர்டாத்தான் அது உலகத்துக்குள்ளயே வந்துச்சு. இப்ப சுத்தி பாத்தா அமிகா 500ங்கற பழைய கம்ப்யூட்டர் வெச்சிருக்கறவங்க அதோட 68000 ப்ராசஸர் சாக்கெட்ல பைஸ்டார்ம்னு ஒரு போர்டு போடறாங்க, அது மேல ராஸ்பெர்ரி பைங்கற குட்டி கம்ப்யூட்டர், அதுல ஏஆர்எம், அது 68000ஆ நடிக்குது. டெட் ஃபிரைட்னு ஒருத்தர் டீன்சி 4.1ங்கற குட்டி போர்டை 8088 சாக்கெட்ல உக்கார வெச்சிருக்காரு, அதுவும் ஏஆர்எம்தான், 600 மெகாஹெர்ட்ஸ். அந்த டீன்சி கூட மதர்போர்டு மெமரிலருந்து எடுத்தா 4.77 வேகத்துக்கு மேல பெருசா போகாது, மெமரியை தனக்குள்ளயே வெச்சுக்கிட்டா மட்டும்தான் ஓடும். நாப்பது வருஷம் ஆகியும் அந்த 8 பிட்டு கதவு அதே கதவுதான்.

சில பேரு சொல்வாங்க, பைஸ்டார்ம் போட்டா அது பழைய கம்ப்யூட்டரே இல்லன்னு. நான் அப்படி நெனைக்கல. 1987ல எக்ஸ்டில 386 போட்டவன் செஞ்சதும் இதேதான், அந்த மிஷினை உயிரோட வெச்சிருக்கணும்னு நெனச்சான். ஆனா பழைய சிப்பை தூக்கிப் போடாதீங்க, ஆன்டி ஸ்டாட்டிக் கவர்ல போட்டு பேரு எழுதி வெச்சுக்கணும்.

வட சென்னைல இதை பண்றவங்களுக்குன்னு சில விஷயம் சொல்லணும். தண்டையார்பேட்டை, ராயபுரம், காசிமேடு, எண்ணூர் வரைக்கும் கடல் காத்து, உப்பு. அலமாரில வெச்ச ஐசி கால்லாம் சில வருஷத்துல கறுத்துப் போயிடும், சாக்கெட்ல குத்தினா காண்டாக்ட் கெடைக்காது, போர்டு செத்துப் போச்சுன்னு நெனச்சு தூக்கிப் போட்டுடுவாங்க. ஐசோப்ரொப்பைல் ஆல்கஹால்ல பிரஷ் வெச்சு காலையும் சாக்கெட்டையும் கழுவிட்டு அப்புறம் முடிவு பண்ணுங்க. கார்டோட தங்க முனையை அழிரப்பர் போட்டு தேய்க்காதீங்க, அந்த தங்க பூச்சு ரொம்ப மெல்லிசு, தேய்ச்சா போயிடும், போயிட்டா உப்புக் காத்து அடியில இருக்கறத தின்னுடும். 8088 சாக்கெட்ல கேபிள் முனையை நேரா குத்தாம நடுவுல நல்ல குவாலிட்டி ஐசி பேஸ் ஒண்ணு போட்டுக்கங்க, கேபிளோட தடிச்ச கால் பழைய சாக்கெட்டோட பட்டையை விரிச்சுடும், அப்புறம் பழைய சிப்பு லூசா நிக்கும். 286, 386 போர்டுல நீலக் கலர் பீப்பாய் பேட்டரி இருந்தா வேற எதையும் தொடறதுக்கு முன்னாடி அதை வெட்டி எடுத்துடுங்க, அது கசிஞ்சா பக்கத்துல இருக்கற ட்ராக்கெல்லாம் போச்சு. 5x86 கிட்டுல ரெகுலேட்டர் ஒண்ணு ஒண்ணரை வாட்டு சூடா வீணாக்கும், நம்ம மே மாசத்துக்கு மேல ஒரு சின்ன ஃபேன் இருந்தா நல்லது.

எங்க கெடைக்கும்னு கேட்டா, காயலான் கடைதான். எங்க ஏரியா கடைக்காரர் ஒருத்தர், நாங்க பாய்னு கூப்புடுவோம், என்னை பாத்தாலே "வாண்ணா, பச்ச போர்டு வந்துருக்குது, பாத்துக்கினு போ"ன்னு மூட்டைய அவுத்து விட்டுடுவாரு. செராமிக் சிப்பு, தங்கக் காலு இருக்கறதெல்லாம் தனியா கிலோ ரேட்டுக்கு போயிடும், ஆசிட்ல போட்டு தங்கம் எடுக்கறவங்க வாங்கிடுவாங்க. அது அவங்க பொழப்பு, அதுல கோவப்பட ஒண்ணும் இல்ல, கிலோ ரேட்டுக்கு மேல குடுத்தா நமக்கு குடுக்க போறாங்க. ஆனா அப்கிரேடு போர்டு மத்த சிப்பை விட சீக்கிரம் அழியுது, ஏன்னா நடுவுல பச்ச போர்டு, மேல செராமிக்கு, அடியில தங்கக் காலுன்னு ரெண்டு வெலைக்கும் தகுதியான சரக்கு, பாத்த ஒடனே பிரிச்சு போட்டுடறாங்க.

அதுனால பாரிஸ் பக்கம், மண்ணடி பக்கம் யாராவது பழைய ஆபீஸ் காலி பண்றீங்கன்னா, பரண் மேல ஒரு எக்ஸ்டியோ 386ஓ இருந்தா, எடைக்கு போடறதுக்கு முன்னாடி மூடியை ஒரு தடவை தொறந்து பாருங்க. ப்ராசஸர் இருக்க வேண்டிய எடத்துலருந்து பட்டை கேபிள் ஒண்ணு கார்டுக்கு போகுதா, சிப்புக்கு அடியில இன்னொரு குட்டி போர்டு இருக்கா, ஒரு சிப்பு தலை மேல இன்னொரு சிப்பு கவ்விக்கிட்டு இருக்கா, கேஸ்ல சம்பந்தமே இல்லாத எடத்துல ஒரு சுவிட்ச் இருக்கா, இதுதான் அடையாளம். இருந்துச்சுன்னா கமென்ட்ல சொல்லுங்க, நானே வந்து நியாயமான காசு குடுத்து எடுத்துக்கறேன். கார்டை மட்டும் தனியா கழட்டி வெக்காதீங்க, அந்த கேபிளும் கூட வந்த டிரைவர் ஃபிளாப்பியும் வேணும், சைரிக்ஸ் சிப்பா இருந்தா ஃபிளாப்பி இல்லாம கேஷ் ஆன் ஆகாது, ஃபிளாப்பில பூஞ்சை புடிச்சிருந்தாலும் பரவால்ல, கழுவி படிச்சுப் பாத்துக்கலாம்.